கண்ணியம் இங்கே

எல்லாருக்கும் வணக்கம். சௌக்கியமாக இருக்கிறீர்களா? முட்டி, முதுகு, கண் எல்லாம் சொன்ன பேச்சைக் கேட்கின்றனவா? யாராவது நின்றுகொண்டே படிக்கிறீர்கள் என்றால், முதலில் ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டு உட்காருங்கள். ஏனென்றால் இது நாற்காலிக்கு ஆசைப்பட்ட ஒருத்தியின் கதை.

அந்தத் துணிக்கடையில் அவளுக்கு ஊக்கக்கா என்று பெயர். வீட்டில் வைத்த பெயர் வேறு. அதைச் சொல்லிக் கூப்பிட்டால் அவளே திரும்பிப் பார்க்க மாட்டாள். சட்டைக் கையில் எப்போதும் ஒரு வரிசை ஊக்கு குத்தி வைத்திருப்பாள். போட்டுப் பார்க்கும் அறைக்குள்ளிருந்து, "அக்கா, இடுப்புல தொளதொளன்னு நிக்குது" என்று ஒரு குரல் வந்தால் போதும், திரைக்குள் கையை விட்டு, துணியை இழுத்துப் பிடித்து, ஊக்கைக் குத்தி, "இப்ப கண்ணாடியைப் பாரு" என்பாள். பார்த்தவள் அந்த உடையை விட்டுவிட்டுப் போனது அபூர்வம்.

கை நன்றாகத்தான் வேலை செய்தது. முட்டிதான் மக்கர் செய்தது. சாயங்காலமானால் இரண்டு முட்டிக்குள்ளும் யாரோ உட்கார்ந்து மிளகாய் அரைக்கிற மாதிரி இருக்கும். ஆனால் விற்கிறவர்கள் உட்காரக் கூடாது என்பது பெரிய முதலாளி காலத்துச் சட்டம். பெண்கள் பகுதி இருந்த அந்த மாடியில், தையல்காரரின் முக்காலியை விட்டால், உட்கார இரண்டே இடம் உண்டு. ஒன்று, படிக்கட்டு ஓரமாக இருந்த நீள மெத்தை பெஞ்சு. மனைவிமார் துணி எடுத்து முடிக்கும்வரை கணவன்மார் கொட்டாவி விடுவதற்காகப் போட்டது. இன்னொன்று, மாடிப் பொறுப்பாளரின் நாற்காலி. சுற்றும், சாயும், முதுகுக்கு வலை போட்டது. அதில் இருந்த அம்மாள் ஓய்வு பெற்றுப் போனதிலிருந்து அது சும்மா கிடந்தது. போகும்போதும் வரும்போதும் ஊக்கக்கா அதன் முதுகைத் தடவிக்கொண்டு போவாள், பக்கத்து வீட்டுக் குழந்தையைத் தடவுகிற மாதிரி.

பெரிய முதலாளியின் மகன்தான் இப்போது முதலாளி. துணி மூட்டைக்கு நடுவே ஒளிந்து விளையாடி, அங்கேயே தூங்கிப்போன பிள்ளை. அதனால் ஊக்கக்காவுக்கு இன்னும் அவர் 'தம்பி'தான். ஒருநாள் மொத்தக் கொள்முதலுக்குப் போய்விட்டுத் திரும்பியவர், படியை இரண்டிரண்டாகத் தாவி மாடிக்கு வந்தார்.

"அக்கா, எங்க பாத்தாலும் இப்ப இதான் பேச்சு. லேடீஸ் துணியில கண்ணியமான உடைன்னு தனி வரிசை. தனி போர்டு. அப்படியே கூட்டம் அள்ளுதாம்!"

ஊக்கக்காவுக்கு அது புதிதாகப் படவில்லை. காதருகே வந்து, "அக்கா, கொஞ்சம் கை நீளமா… கொஞ்சம் உள்ள தெரியாத மாதிரி…" என்று பாதி வார்த்தையை விழுங்கிக்கொண்டு கேட்கும் பெண்கள் தினமும் வருவார்கள். அவர்களுக்காக ஒவ்வொரு அடுக்கிலும் தலையை விட்டுத் தேடித் தேடி எடுப்பதும் அவள்தான்.

"நல்ல யோசனை தம்பி. நானே பிரிச்சு அடுக்கித் தரேன்" என்றாள். சொல்லும்போதே கண் நாற்காலிப் பக்கம் போயிற்று.

முதலாளி அதைப் பார்த்துவிட்டார். "இது மட்டும் ஓடிச்சுன்னா, மாடிப் பொறுப்பு உங்களுக்குத்தான். நாற்காலியும் சேர்த்துத்தான்."

அவ்வளவுதான், ஊக்கக்காவுக்கு முட்டி வலி பாதி குறைந்தது.

மூலையில் தையல் இயந்திரத்தோடு உட்கார்ந்து, வாங்கிய துணியைப் பிடித்தும் பிரித்தும் கொடுக்கும் தையல்காரர் இதையெல்லாம் கேட்டுக்கொண்டிருந்தார். அவர் உட்காரலாம். நின்றுகொண்டு மிதிக்க முடியாதே! வாயில் நூலைக் கடித்தபடி கேட்டார்.

"தங்கச்சி, எனக்கொரு சந்தேகம். இந்தப் பக்கம் கண்ணியம்னு எழுதிட்டா, அந்தப் பக்கம் என்னன்னு எழுதுவீங்க?"

"அங்க எதுக்குண்ணே எழுதணும்? ஒண்ணும் எழுத வேண்டாம்."

"எழுதாட்டி மட்டும் படிக்க மாட்டாங்களாக்கும்?"

"உங்களுக்கு எதுல நொட்டை சொல்லாம இருக்க முடியும்? போய் உங்க நூலைக் கோத்துட்டு இருங்க."

"நான் கோத்துட்டுத்தான் இருக்கேன். நீதான் எதையோ கோத்துவிடப் போற" என்று அவர் மிதியை அழுத்தினார்.

பிரிக்கும் வேலை ஆரம்பமாயிற்று. எதை வைத்துப் பிரிப்பது? அந்தக் கடையில் புதுச் சரக்கு எது வந்தாலும் முதலில் மகாராணிக்குத்தான் போட்டுப் பார்ப்பார்கள். மகாராணி என்பது கடையின் மிகப் பழைய பொம்மை. மூக்கு நுனியில் சாயம் போயிருந்தாலும் கம்பீரம் போகாதவள். மற்றப் பொம்மைகள் வந்து, உடைந்து, போய்விட்டன. அவள் மட்டும் நின்றாள், கிட்டத்தட்ட ஊக்கக்கா மாதிரியே. முக்கால்வாசிக் கவுன் அவள்மேல் அழகாகத் தரையிறங்கும்.

"மகாராணி கணுக்காலைத் தொட்டா இந்தப் பக்கம். தொடலைன்னா அந்தப் பக்கம்" என்று ஊக்கக்கா சட்டம் போட்டாள்.

"டேப் வேணுமா?" என்று தையல்காரர் கழுத்திலிருந்ததைக் கழற்றி நீட்டினார்.

"மகாராணி இருக்கும்போது டேப் எதுக்குண்ணே?"

மாற்றி மாற்றி உடுத்தியதில் மகாராணியின் ஒரு கை கழன்று கீழே விழுந்ததுதான் மிச்சம். கணுக்காலைத் தொட்ட உடுப்புகள் ஒரு குன்றாகக் குவிந்தன. இவ்வளவு கண்ணியம் நம் கடையில் இருந்ததா என்று ஊக்கக்காவுக்கே ஆச்சரியம். ஒவ்வொன்றின் கழுத்திலும் 'கண்ணியம்' என்று ஒரு சின்னப் பட்டை. தையல்காரர் முணுமுணுத்துக்கொண்டே தைத்துக் கொடுத்தார். மேலே தொங்குவதற்கு ஒரு விளக்குப் பலகையும் வந்தது. தங்க நிற எழுத்தில் 'கண்ணியம் இங்கே', கீழ்நோக்கி ஓர் அம்புக்குறி. சுவிட்சைப் போட்டால் அம்பு மட்டும் விட்டுவிட்டு மின்னும். அதற்கு ஆன செலவைக் கேட்டுப் பெரிய முதலாளி வீட்டில் சாப்பிடாமல் எழுந்துவிட்டாராம்.

ஆரம்பம் என்னவோ அமர்க்களமாகத்தான் இருந்தது. நூலகத்தில் வேலை பார்க்கும் ஒரு பெண் வந்தாள். எப்போதும் காதருகே வந்து கேட்பவள். அன்று யாரிடமும் எதுவும் கேட்கவில்லை. நேராக அம்புக்குக் கீழே போய், அவளே பார்த்து, அவளே தேர்ந்து, கை கொள்ளாமல் எடுத்துக்கொண்டு வந்தாள்.

"அக்கா, எத்தனை கடையில நான் 'இன்னும் நீளம், இன்னும் நீளம்'னு கேட்டுக் கேட்டு நின்னிருக்கேன் தெரியுமா? கேக்கும்போதே பக்கத்துல இருக்கிறவங்க திரும்பிப் பாப்பாங்க. இங்க வாயத் திறக்காமலே எடுத்துட்டேன்" என்றாள். அவள் முகத்தில் இருந்த நிம்மதியைப் பார்த்ததும், நாற்காலி கிடைக்காவிட்டால்கூடப் பரவாயில்லை என்று ஊக்கக்காவுக்கு ஒரு நிமிடம் தோன்றியது. ஒரு நிமிடம்தான்.

கோளாறு பெஞ்சிலிருந்து ஆரம்பித்தது. அதுவரை அந்தப் பெஞ்சில் உட்கார்ந்த ஆண்களுக்குத் துணியைப் பற்றி ஒரு கருத்தும் இருந்ததில்லை. "எதையாவது எடும்மா, போகலாம்" என்பதுதான் அவர்களுடைய மொத்தக் கருத்தும். பலகை வந்ததும் ஆளாளுக்கு நீதிபதியாகிவிட்டார்கள். காலை அகட்டிப் போட்டுக்கொண்டு, பையைப் பக்கத்து இடத்தில் வைத்துக்கொண்டு, ஒருவர் அங்கிருந்தே குரல் கொடுத்தார்.

"ஏய், அந்தப் பக்கம் என்ன பாத்துட்டு இருக்க? போர்டு எங்க இருக்கு பாரு!"

அவர் மனைவி கையில் இருந்த கவுனைப் பார்த்தாள். நல்ல கவுன்தான். கை முழங்கை வரை, நீளம் முட்டிக்குக் கீழே. போன வாரம்வரை யாரும் அதைப் பற்றி ஒரு சொல் சொன்னதில்லை. அதைத் திரும்ப மாட்டினாள். ஆனால் அம்புக்குக் கீழேயும் போகவில்லை. நேராகப் படியிறங்கிப் போய்விட்டாள். அவர் பையைத் தூக்கிக்கொண்டு பின்னால் ஓடினார்.

ஒரு தாயும் மகளும் பலகைக்குக் கீழே நின்று சண்டை போட்டார்கள். இன்னொருத்தி, "போன வருஷம் இங்கதானே ஒரு கவுன் எடுத்தேன். அதுல இந்தப் பட்டை இல்லையே. அப்ப அது என்ன ரகம்?" என்று கேட்டாள். ஊக்கக்கா, "அது… அப்போ பட்டை வரலைம்மா" என்று மென்று விழுங்கினாள். முன்பெல்லாம் பெண்கள் மாடி முழுவதும் ஆடு மேய்கிற மாதிரி ஆற அமரச் சுற்றுவார்கள். இப்போது ஏறி வந்ததும் முதலில் யார் பார்க்கிறார்கள் என்று பார்த்தார்கள். அப்புறம்தான் துணியைப் பார்த்தார்கள். பலகை இல்லாத பக்கம் விற்பனை படுத்துவிட்டது. பலகை இருந்த பக்கம் அந்த அளவுக்கு ஏறவும் இல்லை.

"இந்தப் பக்கமும் போச்சு, அந்தப் பக்கமும் போச்சு. அம்பு மட்டும் நல்லா வேலை செய்யுது" என்றார் தையல்காரர்.

"கொஞ்ச நாள் போனா எல்லாம் சரியாயிடும்ணே" என்றாள் ஊக்கக்கா. நாற்காலி ஓர் அடி தள்ளிப் போன மாதிரி இருந்தது.

அந்த நேரத்தில்தான் நெட்டையும் அவள் மாமியாரும் வந்தார்கள். நெட்டை பஸ் ஓட்டுகிறவள். அவள் உட்கார்ந்தால்தான் மற்றவர்கள் நிற்கும் உயரம். மாமியார் அவள் இடுப்புக்குச் சற்று மேலே முடிந்துவிடுவாள். ஆனால் குரல் மட்டும் பஸ் ஹாரன். இரண்டு பேரும் அந்தக் கடைக்குப் பழைய வாடிக்கை. ஒரே நாளில் வந்து, ஒருத்திக்கொருத்தி பிடித்துப் பார்த்து, வம்பளந்துகொண்டே வாங்குவார்கள்.

"அக்கா, ஸ்டியரிங் பிடிச்சுப் பிடிச்சு ஜன்னல் பக்கத்துக் கை மட்டும் கருகிப்போச்சு. வலது கை யாரோ, இடது கை யாரோன்னு இருக்கு. முழுக் கை வச்சதா, நீளமா, ஏறி இறங்க வாட்டமா ஒண்ணு குடுங்க" என்றாள் நெட்டை.

"அதுக்குத்தானே இந்த வரிசையே போட்டிருக்கோம்" என்று ஊக்கக்கா அவளை அம்புக்குக் கீழே கூட்டிக்கொண்டு போனாள்.

மாமியார் பலகையை அண்ணாந்து பார்த்தாள். பிறகு எதிர்ப்பக்கத்தைப் பார்த்தாள். எதிர்ப்பக்கத்தில் பூப்போட்ட நீலக் கவுன் ஒன்று தொங்கியது. "எனக்கு அதுதான் பிடிச்சிருக்கு. அங்க போனா பிடிச்சுக்குடுத்துட மாட்டீங்களே?" என்று கேட்டுக்கொண்டே போய் அதை எடுத்தாள். பெஞ்சில் இருந்த ஒருவர் தொண்டையைச் செருமினார். மாமியார் திரும்பி, "என்ன தம்பி, தண்ணி வேணுமா?" என்றாள். அவர் செருமலை விழுங்கிக்கொண்டார்.

இரண்டு பேரும் பக்கத்துப் பக்கத்து அறைக்குள் போனார்கள். முதலில் நெட்டை திரையை விலக்கிக்கொண்டு வந்தாள். கழுத்தில் 'கண்ணியம்' என்ற பட்டை தங்க நூலில் பளபளத்தது. கவுன் முட்டியோடு முடிந்துவிட்டது. முட்டிக்குக் கீழே பஸ் ஓட்டுகிறவளின் உறுதியான கால்கள் காற்றாட நின்றன.

"அக்கா, மிச்சக் கண்ணியம் எங்க?"

மாடி முழுவதும் சிரிப்பு. அடுத்த திரை விலகியது. எதிர்ப்பக்கத்து நீலக் கவுனில் மாமியார் வந்தாள். அது அவள் கணுக்காலையும் தாண்டித் தரையைப் பெருக்கிக்கொண்டு வந்தது. கை நீளம் விரல் நுனியை மூடியது. கழுத்தில் பட்டை கிடையாது.

"என்னம்மா இது அநியாயம்! என்னைப் பாரு, மூட்டை கட்டுன மாதிரி இருக்கேன். எனக்குப் பட்டை இல்ல. எம்மருமகளுக்குக் கால் காத்தாடுது. அவளுக்குப் பட்டை. கண்ணியத்தை நீங்க எதை வச்சு அளந்தீங்க?"

ஊக்கக்கா மெதுவாகத் திரும்பி மகாராணியைப் பார்த்தாள். மகாராணி தரை தொடும் பச்சைக் கவுனில் ராஜகம்பீரமாக நின்றாள். ஊக்கக்கா குனிந்து, முட்டி கடகடக்க, அந்தக் கவுனின் அடியைத் தூக்கினாள். தொடை நடுவில் ஒரு பழைய ஒட்டு.

அப்போதுதான் இரண்டு பேருக்கும் ஒரே நேரத்தில் ஞாபகம் வந்தது, அவளுக்கும் தையல்காரருக்கும். வெகு காலத்துக்கு முன் கீழே தெருப்பக்கத்துக் கண்ணாடிக் கூண்டு கட்டியபோது மகாராணி அதற்குள் நுழையவில்லை, தலை இடித்தது. தலையை வெட்டவா முடியும்? தொடையில் ஒரு சாண் அளவு அறுத்து எடுத்துவிட்டு ஒட்டிவிட்டார்கள். ரம்பம் பிடித்தவர் அவர். காலைப் பிடித்தவள் இவள். அன்றிலிருந்து ஒட்டுத் தெரியாமலிருக்க நீளத் துணியாகவே போட்டுப் போட்டு, அவள் குள்ளமானதையே கடை மறந்துபோயிற்று.

"அண்ணே…" என்றாள் ஊக்கக்கா.

"நான் அப்பவே டேப் குடுத்தேன்" என்றார் அவர், தையலிலிருந்து தலையைத் தூக்காமல்.

சிரிப்புச் சத்தம் கேட்டு முதலாளி ஏறி வந்தார். ஊக்கக்கா ஒளிக்கவில்லை. "தம்பி, தப்பு என்னுதுதான். மகாராணி காலை நாங்கதான் வெட்டினோம். மறந்துட்டேன். குள்ளப் பொம்மைக்குப் போட்டுப் பாத்து ஊருக்கே சட்டம் போட்டுட்டேன்."

"சரி, டேப் வச்சுத் திரும்பப் பிரிங்க" என்றார் முதலாளி. "பலகை அப்படியே இருக்கட்டும்."

நாற்காலிக்கு இன்னும் வழி இருந்தது. 'சரி தம்பி' என்று சொன்னால் போதும். ஊக்கக்காவின் வாய்வரை அது வந்தும்விட்டது. எதிரே நெட்டையும் மாமியாரும் நின்றார்கள். பெஞ்சில் செருமியவர் உட்கார்ந்திருந்தார். அன்று கவுனைத் திரும்ப மாட்டிவிட்டுப் போனவளின் முதுகு ஞாபகத்துக்கு வந்தது.

"தம்பி, யாருக்கு அளந்து பிரிக்கிறது? இவங்களுக்கா, அவங்களுக்கா? ஒரே துணி இவங்க மேல தரையைக் கூட்டுது, அவங்க மேல பறக்குது. டேப்பு நீளத்தைத்தான் சொல்லும். கண்ணியத்தைச் சொல்லாது. பலகையை எடுத்துடலாம்."

"அப்ப தேடி வர்றவங்க? அந்த லைப்ரரிப் பொண்ணு எவ்வளவு சந்தோஷப்பட்டாங்கன்னு நீங்கதானே சொன்னீங்க?"

அது நியாயமான கேள்விதான். ஊக்கக்கா அம்புக்குக் கீழே தொங்கியவற்றைக் கையால் காட்டினாள்.

"அவங்க தேடுனது கை நீளம், கழுத்து ஏத்தம், வெளிச்சத்துல நின்னா உள்ள தெரியாத துணி. அதையே எழுதிடுவோம். முழுக் கை இங்க. தரை நீளம் இங்க. உள்துணி, அதான் லைனிங், வச்சுத் தைச்சது இங்க. வேணுங்கிறவங்க கேக்காம எடுப்பாங்க. வேணாங்கிறவங்களை யாரும் ஒண்ணும் சொன்ன மாதிரி இருக்காது."

முதலாளிக்கு எரிச்சல். பலகைச் செலவு கண் முன்னால் மின்னியது, அம்பு மாதிரியே விட்டுவிட்டு. "என்னமோ பண்ணுங்க. ஆனா பொறுப்பு, நாற்காலி பத்தியெல்லாம் அப்புறம் பாக்கலாம்" என்று இறங்கிப் போனார். அன்று சாயங்காலமே நாற்காலியும் இறங்கிப் போயிற்று. கீழே அவருடைய நாற்காலியின் ஒரு சக்கரம் உடைந்துவிட்டதாம். இரண்டு பேர் அதைத் தூக்கிக்கொண்டு போவதை ஊக்கக்கா படிக்கட்டு வரை வந்து பார்த்தாள், மகளைப் புகுந்த வீட்டுக்கு அனுப்புகிற மாதிரி.

பட்டைகளைப் பிரித்தே தையல்காரருக்குக் கண் பூத்துப்போயிற்று. புதிய சின்னப் பலகைகள் அட்டையில் வந்தன, செலவில்லாதவை. நூலகப் பெண் மறுபடி வந்தபோது அவற்றை நின்று படித்தாள்.

"அந்தப் போர்டு இருந்தப்ப எனக்கு ஒரு தெம்பா இருந்துச்சுக்கா. என்னை மாதிரி ஆளுங்களை நெனச்சுப் போட்டாங்களேன்னு" என்றாள். ஊக்கக்கா 'உள்துணி' அட்டைக்குக் கீழே அவளுக்காக எடுத்து வைத்திருந்ததைக் காட்டினாள். நூலகப் பெண் அதை வாங்கிக்கொண்டு, போகிற போக்கில் எதிர்ப்பக்கம் போய், ஒரு சிவப்பு டாப்ஸையும் எடுத்துக்கொண்டாள். "வீட்டுக்குள்ள போட்டுக்க" என்றாள், யாரும் கேட்காமலே. பலகை இருந்தபோது அவள் அந்தப் பக்கம் எட்டிக்கூடப் பார்த்ததில்லை.

மின்னும் பலகையை என்ன செய்வது? தூக்கிப் போட முதலாளிக்கு மனம் வரவில்லை. "எங்கயாவது மாட்டி வைங்க. காசு குடுத்தது" என்றார். மாடியில் வேறு மின் இணைப்பு ஒரே இடத்தில்தான் இருந்தது. தையல்காரர் ஏணியைப் போட்டு, ஆணி அடித்து, சுவிட்சைப் போட்டுவிட்டு இறங்கினார். 'கண்ணியம் இங்கே.' அம்பு நேராகக் கீழே, கணவன்மார் பெஞ்சைக் காட்டி மின்னிற்று.

"அண்ணே, இது சரியாண்ணே?"

"வேற பிளக் பாயின்ட் இல்ல தங்கச்சி. நான் என்ன பண்ணட்டும்?" என்றார் அவர். முகத்தில் ஒரு சுருக்கம்கூட இல்லை.

அன்று மதியம் படியில் ஒருத்தி ஏறி வந்தாள். முன்பு கவுனைத் திரும்ப மாட்டிவிட்டு இறங்கிப் போனவள். பின்னாலேயே அவள் கணவர். வழக்கம்போல் பெஞ்சில் காலை அகட்டிப் போட்டு, பையைப் பக்கத்தில் பரப்பினார். அவள் நேராகப் போய் அந்தப் பழைய கவுனை எடுத்தாள். அவர் வாயைத் திறந்தார். "ஏய், போர்டு எங்க…" என்று தேடினார்.

"உங்க தலைக்கு மேலதான் இருக்கு" என்றாள் அவள்.

அவர் அண்ணாந்தார். அம்பு அவர் உச்சந்தலையைப் பார்த்து மின்னிற்று. எதிரே துணி அடுக்கைப் பிடித்துக்கொண்டு, கால் மாற்றிக் கால் ஊன்றி ஊக்கக்கா நின்றுகொண்டிருந்தாள். மாடியில் எல்லாரும் அவரையே பார்த்தார்கள். அவர் காலைச் சேர்த்தார். பையை மடியில் எடுத்துக்கொண்டார். அதுவும் போதாது என்று பட்டிருக்க வேண்டும். மேலே ஒரு தடவை பார்த்துவிட்டு எழுந்து நின்றார்.

"உக்காருங்கக்கா."

"ஐயோ, வேண்டாம்பா. நாங்க உக்காரக் கூடாது."

"இல்லக்கா, உக்காருங்க" என்றார் அவர், மேலே கையைக் காட்டி, கெஞ்சுகிற மாதிரி.

ஊக்கக்கா உட்கார்ந்தாள். மெத்தை சற்று அமுங்கியது. முட்டிக்குள் அரைத்துக்கொண்டிருந்தவர்கள் அம்மியை விட்டு எழுந்து போனார்கள். அந்த நேரம் பார்த்து முதலாளி மாடிக்கு வந்தார். விற்கிறவள் உட்கார்ந்திருக்கிறாள், வாங்க வந்தவர் நிற்கிறார்! வாயைத் திறந்தவர் பலகையைப் பார்த்தார். அம்பு மின்னிற்று. வாயை மூடிக்கொண்டார். பிறகு இறங்கப் போனவர் பாதிப் படியில் நின்று, "அக்கா, மத்தப் பொண்ணுங்களையும் மாத்தி மாத்தி உக்காரச் சொல்லுங்க" என்றார்.

அப்போது அந்தக் கவுனைப் போட்டுக்கொண்டு திரைக்கு வெளியே வந்தவள், "அக்கா, தோள்ல கொஞ்சம் தொளதொளன்னு இருக்கு" என்றாள்.

"இங்க வாம்மா" என்றாள் ஊக்கக்கா, உட்கார்ந்த இடத்திலிருந்தே, சட்டைக் கையிலிருந்து ஓர் ஊக்கைக் கழற்றிக்கொண்டு.

இவ்வளவுதான் கதை. உங்கள் பக்கத்துக் கடைகளில் பெண்கள் துணிக்கு என்னென்ன பலகை தொங்குகிறது? அதன் கீழே நின்று நீங்கள் யாரிடமாவது வாங்கிக் கட்டிக்கொண்டதுண்டா, அல்லது அந்த நூலகப் பெண் மாதிரி அப்பாடா என்று இருந்ததா? மறைக்காமல் எழுதுங்கள். உட்கார்ந்துகொண்டு எழுதுங்கள்.